நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், 1970-களின் மேற்கத்திய ராக் இசையை இன்றும் விடாமல் கேட்டுவரும் ரசிகர்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மேடையில் இருப்பவர்களுக்கும் எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கும் ஒருசேர நரைத்துவிட்டது என்ற கேலியோடு தொடங்கும் அக்கட்டுரை, இவர்கள் இசை கேட்க வருவதில்லை, தொலைந்துபோன வாலிபத்தைத் தேடி வருகிறார்கள் என்ற தீர்ப்போடு முடிகிறது. நரை உண்மைதான், அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் புரோக்ரெசிவ் ராக் (நீண்ட, பல பகுதிகள் கொண்ட ராக்) என்றும் ஜாஸ் ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) என்றும் அழைக்கப்படும் இரண்டு மரபுகளின் மீது உலகெங்கும் ஒரு சிறு கூட்டம் அரை நூற்றாண்டாக வைத்திருக்கும் பற்றை, பழைய நினைவின் ஏக்கம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். அந்த இசையை முழுதாகக் கேட்பதற்கே ஓர் உழைப்பு தேவைப்படுகிறது. அந்த உழைப்பில் ருசி கண்டவர்கள் லேசில் விடுவதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

புரோக்ரெசிவ் ராக்கின் தொடக்கமாகப் பெரும்பாலானோர் கொள்வது, 1969 அக்டோபரில் வெளிவந்த கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பத்தை. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 5 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சியில், லட்சக்கணக்கானோர் முன்னிலையில் இந்தப் புதிய குழு வாசித்திருந்தது. வானொலி கேட்டது மூன்று நிமிடப் பாட்டு. இசைத்தட்டின் ஒரு பக்கமோ இருபது நிமிடத்துக்கு இடம் தந்தது. அந்த இருபது நிமிடத்தை முழுதாகப் பயன்படுத்தினால் என்ன என்று ஒரு தலைமுறை இளைஞர்கள் கேட்டதன் விளைவுதான் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த இசை. 1972-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்: யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடலுக்கு ஒதுக்கியது, ஜெனசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' ஏறத்தாழ 23 நிமிடம் நீண்டது, ஜெத்ரோ டல் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே பாடலாக 'திக் ஆஸ் எ பிரிக்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அந்த ஆல்பத்தின் உறை, ஒரு கற்பனைச் சிற்றூரின் நாளிதழ் போலவே, பன்னிரண்டு பக்கங்களில், உள்ளூர்ச் செய்தியும் விளம்பரமுமாக அச்சிடப்பட்டிருந்தது. நாளிதழ் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தனை நீளமான, வானொலிக்கு ஒவ்வாத அந்த ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீளம் மட்டுமே சிறப்பாகிவிடாது என்பது ரசிகர்களுக்கும் தெரியும். யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் வந்த ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, அதிலிருந்து நான்கு பக்கங்களுக்கு நான்கே பாடல்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டு ஒன்றை 1973-இல் உருவாக்கினார். அதில் சரக்கைவிட நீட்டல் அதிகம் என்பது என் கருத்து. அதே குழுவில் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கும் அதில் நிறைவு ஏற்படவில்லை, மறு ஆண்டே குழுவை விட்டு விலகினார். இந்த ஆல்பம் தேறுமா தேறாதா என்று ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சண்டையிட்டுக் கொண்டிருக்கிறார்கள். வாலிபத்தின் நினைவுக்காக மட்டும் கேட்பவர்கள், மூன்றாம் பக்கத்தின் ஏழாவது நிமிடத்தில் தாளம் தளர்கிறதா என்று எதற்காக வாதிட வேண்டும்?

இவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அந்த ஆண்டுகளின் இசைத்தட்டுகளில், தொலைவிலிருந்து ஒரு வயலின் கூட்டம் பனிமூட்டத்தினூடே வாசிப்பது போன்ற ஓசை அடிக்கடி வரும். அது மெலட்ரான் என்ற கருவியின் ஓசை; இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் தயாரானது. பார்வைக்கு ஆர்மோனியத்தைப் பெரிதாக்கியது போலிருக்கும் அக்கருவியில், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும். உண்மையான வயலினோ புல்லாங்குழலோ அந்தச் சுரத்தில் வாசித்து முன்பே பதிவுசெய்யப்பட்ட நாடா அது. கட்டையை அழுத்தினால் நாடா நகர்ந்து ஒலிக்கும். சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் விசை அதைத் தொடக்கத்துக்கே இழுத்துக்கொள்ளும். எனவே எட்டு நொடிக்கு மேல் ஒரு சுரத்தை நிறுத்த முடியாது. அறையின் சூடும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கமும் சுருதியைக் கெடுக்கும். இந்தக் குறைகளுக்குள் நின்று வாசித்ததனால்தான், ஓசை ஒரு மூச்சுபோல எழுந்து அடங்குகிறது. இன்று கணினியில் அதே ஓசையைக் குறையின்றி எடுத்துவிடலாம். ஆனாலும் ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது, எட்டாவது நொடிக்குள் கலைஞர் எப்படிக் கையை மாற்றினார் என்பதைத்தான்.

அதே கருவி உருக்கமாக ஒலிக்கும் ஓர் இடம் கிங் கிரிம்சனின் 'ஸ்டார்லெஸ்'. 1974-இல் வெளிவந்த 'ரெட்' ஆல்பத்தின் இறுதிப் பாடல் அது. பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். முதல் பகுதி வார்த்தைகளோடு மெதுவாக நகரும் சோகப் பாட்டு. அது ஓய்ந்ததும், ஜான் வெட்டனின் பேஸ் கிட்டார் பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட ஒரு சொற்கட்டை அமைதியாகத் தொடங்கி வைக்கும். அதன்மேல் ராபர்ட் ஃப்ரிப் தம் கிட்டாரில் ஏறத்தாழ ஒரே சுரத்தையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருப்பார். வெகுநேரம் கழித்து அரைச் சுரம் மேலே ஏறுவார். மீண்டும் அங்கேயே நிற்பார். பில் புரூஃபோர்டு முதலில் டிரம்ஸைத் தொடுவதே இல்லை என்று தோன்றும்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிக்கொண்டிருப்பார். மெல்ல மெல்ல இறுக்கம் கூடி, பொறுக்க முடியாத ஒரு கட்டத்தில் அதே பதின்மூன்று எண்ணிக்கை இரட்டை வேகத்தில் வெடிக்கும். பிறகு தொடக்கத்துப் பாட்டின் மெட்டு முழுப் பலத்தோடு திரும்பி வரும். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை தீர்மானமாகிப் பல்லவியின் எடுப்பில் வந்து விழும்போது சபையில் எழும் நிறைவை அறிந்த தமிழ் ரசிகருக்கு, இந்த இடத்தில் எதற்காக ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று விளக்க வேண்டியிருக்காது. தற்செயலாகப் பாட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு மூடுபவருக்கு அந்த நிறைவு கிடைக்க வழியே இல்லை. முந்தைய பத்து நிமிடமும் கூட இருந்திருக்க வேண்டும்.

ஜாஸ் ஃப்யூஷனின் கதை அட்லாண்டிக்கின் மறுகரையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ராக் விழாவான உட்ஸ்டாக் 1969 ஆகஸ்ட் 18 காலையில் முடிந்தது. மறுநாளே நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் மூன்று நாள் பதிவைத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1970-இல் வெளிவந்த 'பிட்சஸ் புரூ'. கலைஞர்களுக்கு அவர் தந்தது சிறு குறிப்புகளும் சைகைகளும்தான். நீண்டு ஓடிய வாசிப்பைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ பின்னர் நாடாவில் வெட்டி ஒட்டி வடிவம் கொடுத்தார். எந்த நொடியில் எந்த வெட்டு விழுந்திருக்கிறது என்று ஆராயும் ரசிகர்கள் இன்றும் உண்டு. ஆனால் இதைவிடப் பெரிய செய்தி, அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது. அங்கு வாசித்தவர்களில் ஜோ சாவினுலும் வெய்ன் ஷார்ட்டரும் வெதர் ரிப்போர்ட் என்ற குழுவைத் தொடங்கினார்கள். சிக் கொரியா ரிடர்ன் டு ஃபாரெவர் குழுவை அமைத்தார். யார்க்‌ஷயரில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 1971-இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கினார். ஒரே அடுப்பிலிருந்து மூன்று வீட்டுக்கு நெருப்பு போனது.

இரண்டு மரபுகளும் அப்போதே ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று புழங்கின என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். ஜெனசிஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஃபில் காலின்ஸ், பிராண்ட் எக்ஸ் என்ற ஃப்யூஷன் குழுவிலும் வாசித்தார். யெஸ் குழுவிலிருந்து 1972-இல் கிங் கிரிம்சனுக்குப் போன பில் புரூஃபோர்டு, பின்னாளில் எர்த்வர்க்ஸ் என்ற ஜாஸ் குழுவை நடத்தினார். அதனால்தான் ஒன்றின் ரசிகர் பெரும்பாலும் மற்றதற்கும் ரசிகராக இருக்கிறார். ஒரு கலைஞரைப் பின்தொடர்ந்து போனால் அடுத்த ஊர் வந்துவிடுகிறது.

மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் அணி 1973 இறுதி வரைதான் நீடித்தது. செக் நாட்டில் பிறந்த யான் ஹாமர் கீபோர்டு. பனாமாவில் பிறந்த பில்லி காபம் டிரம்ஸ். அயர்லாந்துக்காரரான ரிக் லேர்டு பேஸ் கிட்டார். அமெரிக்கரான ஜெர்ரி குட்மன் வயலின். குருவாக ஏற்றுக்கொண்டிருந்த ஸ்ரீ சின்மய் சூட்டிய பெயரையே மெக்லாக்லின் குழுவுக்கும் வைத்தார். 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தின் முதல் பாடல் பதினெட்டு எண்ணிக்கைச் சுழற்சியில் ஓடுகிறது. கேட்பவர் முதல் தடவையில் எங்கே சமம் என்று தெரியாமல் தவிப்பார், ஐந்தாம் தடவையில் அது தானாக உடம்பில் ஏறிவிடும். 1973 ஜூனில் லண்டனில் இந்த அணி பதிவுசெய்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம், கலைஞர்களுக்குள் மனக்கசப்பு ஏற்பட்டதால் வெளிவராமல் நின்றுபோனது. திருட்டு நாடாவாகக் கைமாறிக் கைமாறி ரசிகர்களிடையே உலவிய அந்த இசை, 1999-இல்தான் முறையாக வெளியிடப்பட்டது. கால் நூற்றாண்டு ஒரு பதிவுக்காகக் காத்திருப்பவர்களை ஏக்கக்காரர்கள் என்பதைவிடப் பொறுமைசாலிகள் என்பது பொருந்தும்.

தமிழ் நாளிதழ் ஒன்றில் வந்த கட்டுரை தொடாமலே விட்டது இதற்கடுத்த அத்தியாயத்தை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், சங்கீத அறிஞர் எஸ். இராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை பயின்றார். மதராஸில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர், ராம்நாடு வி. ராகவன் அங்கு மிருதங்கம் கற்பித்தவர். இவர்களோடு தபலா ஜாகீர் உசேனும் கடம் டி.எச். விநாயக்ராமும் சேர, சக்தி என்ற குழு உருவானது. அதன் முதல் ஆல்பம் 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. மூன்றே உருப்படிகள், அவற்றுள் ஒன்று 29 நிமிடம் நீளும். அதுவரை உலகிலேயே மிகுந்த சத்தத்தோடு வாசித்துவந்த கிட்டார் கலைஞர்களில் ஒருவர், மின் கிட்டாரையும் ஒலிபெருக்கி மலைகளையும் விட்டுவிட்டு, கம்பளத்தில் சம்மணமிட்டு அமர்ந்து சாதாரண மரக் கிட்டார் வாசித்ததைக் கண்டு பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் விலகிப்போனார்கள். தங்கிவிட்டவர்களுக்கு ஒரு புது உலகம் திறந்தது.

அந்த மரக் கிட்டாரும் சாதாரணமானதாக இல்லை. கிப்சன் நிறுவனத்தினர் அவருக்கெனச் செய்துகொடுத்த அக்கருவியில், ஆறு தந்திகளுக்கு அடியே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள் கட்டப்பட்டிருந்தன. இரண்டு உலோகக் கட்டைகளுக்கு நடுவிலிருக்கும் மரத்தைப் பள்ளமாகச் செதுக்கியிருந்தார்கள். வழக்கமான கிட்டாரில் விரல் மரத்தில் முட்டி நின்றுவிடும். இதில் வீணையில் செய்வதுபோல் தந்தியைக் கீழ்நோக்கி அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் சுரத்தை வளைக்கலாம். கமகத்துக்காகவே ஒரு கிட்டாரைக் குடைந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. நம் இசையை மேற்கத்தியர்கள் மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோர் இந்தச் செதுக்கலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டுடியோ ஆல்பங்கள் இரண்டோடு, மொத்தம் மூன்று ஆல்பங்களில், பழைய சக்தி 1977-க்குப் பிறகு ஓய்ந்தது. இருபது ஆண்டு கழித்து 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டு வந்தது. பின்னர் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடும், யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினோடும், சங்கர் மகாதேவன் குரலோடும் சேர்ந்தார்கள். ஸ்ரீநிவாஸ் 2014-இல் தம் நாற்பத்தைந்தாம் வயதில் காலமானது அக்குழுவின் ரசிகர்களுக்குச் சொந்த வீட்டுத் துக்கம். 2023-இல் 'திஸ் மொமெண்ட்' வந்தது. ஸ்டுடியோ ஆல்பம் என்ற வகையில் 46 ஆண்டு இடைவெளி. மறு ஆண்டு பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகீர் உசேன் மறைந்தார். நம் ஊர்ப் பத்திரிகைகள் பலவற்றில் சக்தி என்ற பெயர் தலைப்பில் வந்தது பெரும்பாலும் இந்த இரண்டு சமயங்களில்தான். அயல்நாட்டு ரசிகரோ அந்த இடைவெளி முழுவதும் வாசிப்பைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார். 2007-இல் மெக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் பயிற்சிக்கென ஒரு டிவிடி வெளியிட்டார்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத டிரம்ஸ் மாணவர்கள் 'தகதிமி', 'தகிட', 'ததிகிணதொம்' என்று வாயால் சொல்லிக் கையால் தாளம் போடுவதற்கு அது ஒரு முக்கியமான வாசலாக அமைந்தது. இவர்கள் தேடுவது எவருடைய வாலிபத்தை என்று கட்டுரையாளரைக் கேட்கத் தோன்றுகிறது.

வயதைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ், ஜென்டில் ஜயண்ட் ஆகிய குழுக்களின் மூலப் பல்தட நாடாக்களை எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பிரித்து மறுகலவை செய்துவருபவர் ஸ்டீவன் வில்சன். அவர் பிறந்தது 1967 நவம்பரில். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஜெனசிஸ் குழு 1970-களின் முற்பகுதியில் நடத்திய மேடை நிகழ்ச்சிகளை, ஒப்பனை, உடை, பின்திரைப் படங்கள் உட்பட அப்படியே மறுபடி நிகழ்த்திக் காட்டும் 'தி மியூசிக்கல் பாக்ஸ்' குழு, கனடாவின் மான்ட்ரியலில் 1993-இல் தொடங்கியது. பாடகர் பீட்டர் கேப்ரியல் ஜெனசிஸை விட்டு விலகியது 1975-இல். ஆகவே அவரோடு கூடிய நிகழ்ச்சிகளைக் காணக் கொடுத்து வைக்காதவர்களே பார்வையாளர்களில் பெரும்பாலோர். தான் வாழ்ந்திராத காலத்தின் மீது ஒருவருக்கு ஏக்கம் எப்படி வரும்?

அந்தக் காலத்திலேயேகூட இந்த ரசிகர்கள் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை என்பது சுவையான செய்தி. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பம் சொந்த நாடான பிரிட்டனில் விற்பனைப் பட்டியலுக்குள்ளேயே நுழையவில்லை. இத்தாலியில் முதலிடம் பிடித்தது. ஜெனசிஸையும் தாய்நாட்டுக்கு முன்பே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியவர்கள் இத்தாலியர்களே. ஓபரா பார்த்துப் பழகிய காது நாடகப் பாங்கான நீண்ட பாடலுக்கு எளிதில் இசைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

1976-77-இல் குறுகிய, எளிய, வேகமான பாடல்களைக் கொண்ட பங்க் இசை எழுந்து, இந்தக் குழுக்களை டைனோசர்கள் என்று கேலி செய்தது. இசைத்தட்டு நிறுவனங்களும் பத்திரிகைகளும் கைகழுவின. பிங்க் ஃபிளாய்டு பெயரின்மேல் 'வெறுக்கிறேன்' என்று எழுதிய சட்டையை அணிந்து புகழ்பெற்ற செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன், 1977-இல் லண்டன் வானொலி ஒன்றில் தமக்குப் பிடித்த பாடல்களை ஒலிபரப்பியபோது, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பாடகர் பீட்டர் ஹாமில்லின் பாடல்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சந்தை கைவிட்ட பின் இந்த இசையைத் தாங்கி நின்றவர்கள் ரசிகர்கள்தான். இதே மரபில் வந்த பிரிட்டனின் மாரில்லியன் குழுவுக்கு 1997-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் நடத்தப் பணமில்லை என்று தெரிந்ததும், ரசிகர்கள் தாங்களாகவே சுமார் 60,000 டாலர் திரட்டிக் கொடுத்து அவர்களை வரவழைத்தார்கள். 2001-இல் அக்குழு தன் அடுத்த ஆல்பத்தைப் பதிவுசெய்யும் முன்னரே, 12,000-க்கு மேற்பட்டோர் விலையை முன்பணமாகக் கட்டினார்கள். கூட்டு நிதி திரட்டல் இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. அதை ஒரு நடைமுறையாகச் செய்து காட்டியவர்களில் இந்தக் கூட்டத்துக்கு முன்வரிசையில் இடமுண்டு. அமெரிக்காவில் ரசிகர்களே முன்னின்று 1999 முதல் 2012 வரை, பெரும்பாலான ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் பெத்லகேம் என்ற சிறு நகரில் நடத்திய நியர்ஃபெஸ்ட் விழாவுக்கு நுழைவுச்சீட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்துபோனதுண்டு.

கச்சேரியில் இவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கிங் கிரிம்சன் 2014-இல் மூன்று டிரம்ஸ் கலைஞர்களை மேடையின் முன்வரிசையில் நிறுத்தி மீண்டும் பயணம் தொடங்கியது. நிகழ்ச்சி முழுவதும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. இறுதியில் பேஸ் கலைஞர் டோனி லெவின் தம் கேமராவை எடுத்து ரசிகர்களைப் படம் பிடிப்பார், அப்போது ரசிகர்களும் எடுத்துக்கொள்ளலாம். இதுதான் விதி. இதற்கு அரங்கம் அரங்கமாகக் கட்டுப்பட்டார்கள். 'ஸ்டார்லெஸ்' பாடலின் நடுப்பகுதி வரும்போது மட்டும், இரவு முழுவதும் வெள்ளையாக இருந்த மேடை விளக்கு மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே போகும். அதுவே நிகழ்ச்சியின் ஒரே ஒளி ஜாலம். 2021 டிசம்பர் 8 அன்று தோக்கியோவில் அந்தப் பயணம் நிறைவு பெற்றது. கைபேசி வெளிச்சத்தில் கச்சேரி பார்த்துப் பழகிய நம் சபாக்களும் இதிலிருந்து ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சொன்னதால் இந்த ரசிகர் கூட்டத்தில் குறையே இல்லை என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நொடிக்கு எத்தனை சுரம் என்ற வேகக் கணக்கில் மயங்கி, உணர்ச்சி பாவத்தைக் கோட்டைவிடும் பழக்கம் ஃப்யூஷன் ரசிகர்களிடம் நிறையவே உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த பல ஃப்யூஷன் ஆல்பங்கள் உடற்பயிற்சிக் காட்சியாகச் சுருங்கிப்போனதற்கு அந்தக் கைதட்டலும் ஒரு காரணம். பெண்கள் அரங்கில் குறைவு. மேடையில் அதைவிடக் குறைவு. ரினைசான்ஸ் குழுவின் ஆனி ஹாஸ்லம், கர்வ்டு ஏர் குழுவின் சோன்யா கிறிஸ்டினா போன்ற பாடகிகளைத் தாண்டி உடனே பெயர் சொல்லத் திணற வேண்டியிருக்கிறது. புதிதாக வரும் ஒருவர், நான்கு எண்ணிக்கையில் அமைந்த எளிய பாடல் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் முகம் சுளிக்கும் மேட்டிமையும் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் 'மனி' பாடல் ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது என்று பெருமை பேசுவோர், அதில் டேவிட் கில்மரின் கிட்டார் தனி வாசிப்பு வரும்போது தாளம் நான்குக்கு மாறிவிடுகிறது என்பதையும், அந்த மாற்றம்தான் அந்த இடத்துக்கு அத்தனை விடுதலையைத் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. அப்பாடல் இடம்பெற்ற 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம் 1973 முதல் 1988 வரையிலான காலத்தில் மட்டும் 741 வாரங்கள் அமெரிக்கப் பட்டியலில் இருந்தது. தாளக் கணக்குப் பார்ப்பவர்கள் மட்டும் அதை வாங்கியிருக்க முடியாது.

கட்டுரையாளர் இந்தக் குறைகளைப் பற்றி எழுதியிருந்தால் நான் உடன்பட்டிருப்பேன். அவர் எழுதியது ரசிகர்களின் தலைமுடியைப் பற்றி.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இசைக் கலைஞர் ஒருவர் விருது பெறும்போதும் மறையும்போதும் மட்டும் செய்தி வெளியிடாமல், ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, யார் வாசித்தார்கள், எங்கே எப்போது பதிவானது, அதில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று காதால் கேட்டு எழுதும் பத்தியொன்றை மாதம் ஒருமுறையேனும் ஞாயிறு இணைப்பில் தொடங்க வேண்டும். முதலில் எழுத எடுத்துக்கொள்ளத் தகுந்தது சக்தியின் 1975 சவுத்ஹாம்ப்டன் கச்சேரிப் பதிவு. விநாயக்ராமின் கடமும் ராகவனின் மிருதங்கமும் ஜாகீர் உசேனின் தபலாவும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் பேசும் பகுதிகளைப் பற்றி, மேற்கத்திய ரசிகர்களைவிட விவரமாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே மிருதங்க வித்வான்களிலும் அவர்களிடம் பயிலும் மாணவர்களிலும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டு எழுதச் செய்யலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.